ஆம்பளைக்கு இன்னா டெஸ்ட்டு?

"பேஷன்ட் யாருங்க?" என்று கேட்ட அந்தப் பெண் முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு அண்ணியைப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணன் அவள் கண்ணிலேயே படவில்லை. இத்தனைக்கும் அவன் ஆறடிக்கு மேல் வளர்ந்தவன்.

விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். மார்பகப் பரிசோதனை செய்யும் அறையின் கதவில் 'பெண்கள் மட்டும்' என்று ஒட்டியிருந்தார்கள். பக்கத்துச் சுவரில் இளஞ்சிவப்பு ரிப்பன் படம், அதற்குக் கீழே 'சகோதரியே, உன் உடம்பைக் கவனி' என்று ஒரு வாசகம். வரிசையில் இருந்த அத்தனை பேரும் பெண்கள்.

அண்ணன் எழுந்து நின்றான். "நான்தாம்மா" என்றான்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சார், இது லேடீஸுக்கு எடுக்கறது. நெஞ்சு எக்ஸ்ரேன்னா அந்தப் பக்கம் போங்க."

நான் டாக்டர் சீட்டை அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். உள்ளே போய் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். பிறகு அவனைப் பார்த்தார்கள், முகத்தை அல்ல, சட்டையை.

"ஜென்ட்ஸ உள்ள உட முடியாதுங்க மேடம். லேடீஸ்லாம் டிரஸ் மாத்திக்கினு இருக்காங்க. எல்லாரும் முடிச்சிக்கினு போனப்பறம் கடைசியா வரச் சொல்லுங்க."

"டோக்கன்ல ரெண்டாவதா இருக்காரு. கடைசியா ஏன் வரணும்?"

"இன்னாங்க பேஜாரா போச்சு. சொன்னா கேளுங்க."

அதற்கு மேல் என்னால் குரலை அடக்க முடியவில்லை. மார்பு ஆண்களுக்கும் இருக்கிறது, அதில் கட்டியும் வரும், இது தெரியாமலா இந்த மெஷினை வாங்கி வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பியது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான்.

"கத்தாத. எல்லாம் பாக்கறாங்க."

சின்ன வயதிலிருந்து அவன் வாயில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று உயர்ந்தான். கால்கள் மட்டும் தனியாக வளர்ந்தது மாதிரி இருக்கும். வாலிபால் டீமில் போட்டிபோட்டுக்கொண்டு சேர்த்தார்கள். ஒரு வருஷத்தில் விளையாட்டை விட்டுவிட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பனியன் நனைந்து உடம்போடு ஒட்டும்போது கூட ஆடுகிறவர்கள் அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை அவன் ஆபரேஷனுக்கு அப்புறம்தான் என்னிடம் சொன்னான். இங்கே எழுத எனக்கு மனமில்லை.

அதன்பிறகு அவனைச் சட்டை இல்லாமல் நாங்கள் பார்த்ததில்லை. திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். நெல் அவிக்கும் கொதிகலனுக்குப் பக்கத்தில் மற்றவர்கள் இடுப்புத் துண்டோடு நிற்பார்கள். இவன் மட்டும் உள்ளே இறுக்கமான பனியன், மேலே கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. கத்திரி வெயிலிலும் அப்படித்தான். எங்கள் தெருவில் அதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்தார்கள். "மாதா கோயில் புள்ளைன்னா இப்பிடி இருக்கணும்" என்று பூசைக்கு வருகிறவர்கள் அம்மாவிடம் சொல்வார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

அண்ணி செஞ்சியை அடுத்த வல்லம் பக்கத்துப் பெண். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடுகிற குடும்பம். நன்றாகப் பேசுவாள், பாடுவாள், கோயில் பாடல் குழுவில் அவள் குரல் தனியாகத் தெரியும். கல்யாணமான இரண்டாவது வருஷத்திலிருந்தே அந்தக் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குழந்தை இல்லை. அம்மாவும், பெருமுக்கலிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வரும் பெரியம்மாவும் அதைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை.

அண்ணியை எத்தனை டாக்டர்களிடம் கூட்டிப்போனார்கள்! கர்ப்பப்பைக்குள் மருந்தை ஏற்றி எடுக்கும் படம், தொப்புள் பக்கம் ஓட்டை போட்டுப் பார்ப்பது, மாதாமாதம் ஊசி. ஊசி போட்ட நாட்களில் முகம் வீங்கி வாந்தி எடுத்துக்கொண்டே சமைப்பாள். எல்லா டாக்டரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: இவளுக்கு ஒரு குறையும் இல்லை, கணவரை டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

நான் விழுப்புரத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். அம்மாவிடம் நேராகவே சொன்னேன், அண்ணனையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லு என்று.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஆம்பளைக்கு இன்னா டெஸ்ட்டு? எங்க வம்சத்துல எவனுக்குப் புள்ள இல்லாம பூடுச்சு? நாலு எழுத்து படிச்சிட்டா வாயில வந்ததப் பேசுவியா?"

அண்ணன் அங்கேதான் இருந்தான். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அண்ணிதான் ஞானத்தாயாக நிற்கவேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதற்காக அவள் புதுப் புடவைகூட எடுத்திருந்தாள். அன்று காலையில் தலைவலி என்று படுத்துவிட்டாள். அவள் இடத்தில் பெரியம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு நின்றாள். முந்தின நாள் சமையலறையில் அம்மா அண்ணியிடம், "நீ தூக்கினா கொழந்தைக்கு ஆவாது, நீயே ஒதுங்கிக்கோ" என்று சொன்னது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பூசை, ஜெபமாலை, நவநாள் எல்லாம் தவறாமல் செய்கிறவள் அம்மா. அனந்தபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, அண்ணனுக்கு இரண்டாந்தாரமாக முடிக்கப் பேச்சைத் தொடங்கியதும் அவள்தான். கோயிலில் அது செல்லாது என்று தெரிந்தும் பேசினாள். அண்ணன் மறுத்துவிட்டான். அதைக் கேட்டு அண்ணி அழுதாளாம். எனக்குக் கிடைத்தது நல்ல புருஷன் என்று என்னிடமே சொன்னாள்.

கட்டியின் அடையாளத்தை முதலில் பார்த்ததும் அண்ணிதான். துவைக்கும்போது பனியனின் இடது பக்கத்தில் காசு அளவுக்கு ஒரு ரத்தக் கறை. கேட்டதற்கு, மெஷின் பெல்ட் உரசிவிட்டது என்றான். அடுத்த வாரமும் அதே இடத்தில் கறை. அவள் விடாமல் நச்சரித்த பிறகு தெருமுனையில் இருந்த டாக்டரிடம் போனான். அந்த மனுஷன் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. "சூட்டுக் கட்டி, ஹீட்ல வேல செய்யறீங்க இல்ல" என்று களிம்பும் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். மழைக்காலம் முழுக்க அண்ணன் அந்தக் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். மார்புக்காம்பு உள்ளே இழுத்துக்கொண்டு, அக்குளில் நெறி கட்டி, கையைத் தூக்க முடியாமல் போன பிறகுதான் அண்ணி எனக்குப் போன் செய்தாள்.

"நீ வந்து சொன்னாதாம்மா கேப்பாரு. எனக்கு பயமா இருக்கு."

அப்படித்தான் அந்த ஸ்கேன் சென்டருக்குப் போனோம். அங்கே மதியம்வரை உட்காரவைத்துக் கடைசியாகத்தான் எடுத்தார்கள். அங்கிருந்து பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. ஊசியால் சதை எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்று உறுதியாகச் சொன்னார்கள்.

அங்கே இருந்த டாக்டர் இளம் பெண். அண்ணனை நிற்கவைத்து மேலும் கீழுமாகப் பார்த்தார். குழந்தைகள் உண்டா என்று கேட்டார். சின்ன வயதிலேயே மார்பு வீங்கியிருந்ததா என்று கேட்டார். எங்களை வெளியே அனுப்பிவிட்டுப் பரிசோதித்தார். பிறகு, இன்னொரு ரத்தப் பரிசோதனையும் வேண்டும் என்றார். அதன் முடிவு வருவதற்குள் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இடது மார்பையும் அக்குள் நெறிகளையும் எடுத்துவிட்டார்கள்.

முடிவு வந்த அன்று எங்கள் மூன்று பேரையும் எதிரில் உட்காரவைத்துப் பேசினார்.

"உங்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு இருக்கு. கூட ஒய்யும் இருக்கு. நீங்க ஆம்பளைதான், அதுல சந்தேகமே வேணாம். பிறக்கும்போதே ஒரு எக்ஸ் கூடுதலா வந்திருக்கு, அவ்வளவுதான்."

எக்ஸ் எக்ஸ் ஒய். வருஷா வருஷம் பிளஸ் டூ வகுப்பில் கரும்பலகையில் நான் எழுதுகிறது. 'உயரமானவர், மார்பக வளர்ச்சி, மலட்டுத்தன்மை' என்று புத்தகத்தில் இருக்கும். இரண்டாவது சொல்லைப் படிக்கும்போது கடைசி பெஞ்சில் சிரிப்பு வரும். கேள்வித்தாளில் கேட்பார்கள், எழுதுவார்கள், மறப்பார்கள். அப்படி ஒரு ஆள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்றோ, தன் வாழ்நாளெல்லாம் பட்டனைப் பூட்டிக்கொண்டு வேகலாம் என்றோ அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

அண்ணிக்குப் புரிய வேண்டும் என்பதால் நான் என் பாடத்தையே அங்கே சொன்னேன். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் எக்ஸ் இரண்டு உண்டு. இரண்டும் முழுசாக வேலை செய்தால் அளவு மீறிப்போகும். அதனால் கருவில் இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு எக்ஸைச் சுருட்டி ஓரத்தில் மூடி வைத்துவிடும். மைக்ராஸ்கோப்பில் அது ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதனால் மூட எதுவும் இல்லை.

டாக்டர் தலையாட்டினார். "இவரு உடம்புலயும் அந்தக் கூடுதல் எக்ஸ் மூடித்தான் இருக்கு. ஆனா முழுசா மூடாது, சில ஜீன்கள் திறந்தே இருக்கும். ஹார்மோன் அளவும் மத்த ஆம்பளைங்க மாதிரி இருக்காது. அதனாலதான் மார்பு வளர்ந்திருக்கு. இந்த மாதிரி இருக்கறவங்களுக்கு மத்த ஆம்பளைங்களைவிட மார்பகப் புற்று வர்ற வாய்ப்பு அதிகம்."

"மூடினது திறந்துக்கிட்டதாலதான் இது வந்துதா?" என்று கேட்டேன்.

"பெண்களோட சில மார்பகக் கட்டியில அந்தக் கறுப்புப் புள்ளி காணாமப் போயிருக்கும். மூடினது சரியா மூடியிருக்காது. அதனால புற்று வருதா, புற்று வந்ததால அது கலையுதான்னு இன்னும் அடிச்சுச் சொல்ல முடியாது. இவருக்கு இது ஒண்ணுதான் காரணம்னு சொன்னா, அது பொய்." பிறகு அண்ணியைப் பார்த்தார். "குழந்தை இல்லாததுக்கு இதுதான் காரணம். அதைச் சொல்ல முடியும். யார் மேலயும் தப்பு இல்லைம்மா."

குரோமோசோமின் மேல் தப்பு இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணியின் வயிற்றில் ஓட்டை போட்டது எந்தக் குரோமோசோம்? அவள் எடுத்த புதுப் புடவையைப் பெட்டிக்குள் வைக்க வைத்தது எது? இருபது வருஷத்துக்கு முன்பே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் மார்பைக் கவனமாகப் பார்த்துக்கொள் என்று யாராவது அவனிடம் சொல்லியிருப்பார்கள். ஆண் என்கிற பெருமைதான் அவனைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் வைத்திருந்தது. அதே பெருமைதான் அவன் நெஞ்சில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டியை வளரவும் விட்டது. திண்டிவனம்வரை பஸ்ஸில் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இறங்கியதும் அண்ணன் சொன்னான். "ஊர்ல யார்கிட்டயும் சொல்லாதீங்க. மார்புன்னே சொல்லாதீங்க."

அம்மா அந்த வேலையை இன்னும் சுத்தமாகச் செய்தாள். நுரையீரலில் கட்டி, மில் தவிடும் தூசும் உள்ளே போனதால் வந்தது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எக்ஸ் பற்றி நான் அவளுக்குச் சொல்ல உட்கார்ந்தேன். "அந்தக் கருமத்த என்கிட்ட சொல்லாத" என்று எழுந்து போய்விட்டாள். அண்ணி கட்டு மாற்றினாள், தையலிலிருந்து குழாயில் வடியும் நீரைக் கொட்டினாள், கஞ்சி வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியம்மா வந்தாள். நானும் அன்று அங்கே இருந்தேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான், வழக்கம்போல சட்டை போட்டுக்கொண்டு. பெரியம்மா அவன் காலைத் தடவிக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

"ஒரு புள்ள இருந்தா இந்நேரம் தோளு குடுத்துத் தாங்கியிருக்கும். மலடியக் கட்டிக்கினு வந்து, நீயும் இப்பிடிப் படுத்துக்கினியேடா. அவ வந்த ராசிடா இது."

அம்மா, "அத ஏன் கேக்கற" என்றாள்.

அண்ணி அடுப்பங்கரையில் இருந்தாள். எல்லாம் கேட்கும் தூரம்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். வலது கையால் மெதுவாகப் பட்டன்களைக் கழற்றினான். இடது பக்கத்தில் அக்குள்வரை ஓடும் நீளத் தழும்பு, இன்னும் ஆறாத சிவப்பு. வலது பக்கத்தில், அவன் இத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்த மார்பு.

"பாரு பெரிம்மா. நல்லா பாரு. எனக்கு வந்தது மார்புல. நுரையீரல்ல இல்ல. புள்ள பொறக்காத ஒடம்பு என்னுது. அவளுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு எப்பவோ தெரியும்."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா, "சட்டையப் போடுடா, சட்டையப் போடு" என்று அவன்மேல் துண்டை வீசினாள்.

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள்.

"எப்பவோன்னா? டாக்டரம்மா சொன்னதுலேர்ந்தா?"

அண்ணன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"கேக்கறேன் இல்ல. எப்பலேர்ந்து தெரியும்?"

அவன் தலை குனிந்தபடியே சொன்னான். கல்யாணமான புதிதிலேயே, மில்லுக்கு சாமான் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு மெட்ராஸில் ஒரு லேபில் கொடுத்துப் பார்த்திருக்கிறான். உயிரணு ஒன்றுகூட இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது முறையும் கொடுத்துப் பார்த்திருக்கிறான். அதே பதில்தான்.

"அப்ப எனக்கு ஊசி போடறப்பவும் தெரியும். வவுத்துல ஓட்ட போடச்சொல்லோ தெரியும். ஆஸ்பத்திரிக்கு கூட வந்து வெளிய பெஞ்சுல குந்திக்கினு இருந்தீங்களே, அப்பவும் தெரியும்."

"வெளிய சொல்ல கூச்சமா இருந்துச்சு."

"எனக்கு கூச்சமா இருக்காதுன்னு நெனச்சீங்களா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். உள்ளே போனாள், நான்கு புடவையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள், கஞ்சி எங்கே இருக்கிறது, மாத்திரை எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னாள், செஞ்சி பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

அவள் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா ஆரம்பித்தாள். "பாத்தியா? நோயாளியப் போட்டுட்டுப் போறா. இவளாம் ஒரு பொம்பளையா?"

அன்று நான் அம்மாவிடம் பேசிய பேச்சைப் பெற்றவளிடம் யாரும் பேசமாட்டார்கள். அதற்காக நான் வருத்தப்படவில்லை. அண்ணனையும் திட்டினேன். மார்பை அறுத்துக்கொண்டு கிடக்கிறவனைத் திட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவனுக்கு நடந்த கொடுமையும் நிஜம், அவன் செய்த கொடுமையும் நிஜம். ஒன்றை நினைத்து அவன்மேல் இரக்கம் வரும்போதே இன்னொன்று நினைவுக்கு வந்து ரத்தம் கொதித்தது. அவன், "நீ சொல்றது சரிதான்" என்றான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

கீமோவுக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் வல்லத்துக்குப் போய் அண்ணியைப் பார்த்தேன். களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூப்பிட வரவில்லை, பார்க்கத்தான் வந்தேன் என்றேன்.

"அவரு மேல எனக்கு இருக்கற கோவம் பெருசும்மா," என்றாள். "ஒடம்பு அப்பிடி இருக்குன்னு சொல்லியிருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்? உட்டுட்டா ஓடியிருப்பேன்? ரெண்டு பேரும் ஒரு கொழந்தைய தத்து எடுத்துக்கினு இருந்திருப்போம். எனக்கு அது போச்சு. இப்ப வயசும் போச்சு." கொஞ்ச நேரம் கொடியை உதறினாள். "கீமோ எப்போ?"

சொன்னேன்.

"நான் செஞ்சியிலேர்ந்து நேரா பாண்டிக்கு வந்துடறேன். அந்த ஊட்டுக்கு வரமாட்டேன்."

சொன்னபடியே வந்தாள். திண்டிவனத்திலிருந்து அண்ணனை நான் கூட்டிப்போவேன். அவள் எங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாள், தூக்குச் சட்டியில் ரசம் சாதத்தோடு. மருந்து ஏறும்வரை அவன் பக்கத்தில் இருப்பாள், வாந்தி வந்தால் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும் செஞ்சி பஸ் ஏறிவிடுவாள். பேச்சு மட்டும் கிடையாது. மற்றவர்கள் என்ன ஒரு அன்பான மனைவி என்று அவளைப் பார்ப்பார்கள். அன்பா என்று எனக்குத் தெரியாது. அவளிடம் கேட்கவும் மாட்டேன்.

கீமோ எல்லாம் முடிந்துவிட்டது. இப்போது தினம் ஒரு மாத்திரை, பெண்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். அதை வாங்க மருந்துக் கடைக்கு அவனே போகிறான். "யாருக்குங்க?" என்று கேட்டால், "எனக்குத்தான்" என்கிறானாம். அம்மா வீட்டை விட்டு வந்து விழுப்புரத்தில் என் வீட்டு மாடியில் இருக்கிறான். போன மாதம் வல்லத்துக்குத் தனியாகப் போய் வந்தான். அண்ணி காப்பி கொடுத்தாளாம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். அவள் இப்போது அங்கே கோயிலில் பாட ஆரம்பித்திருக்கிறாள் என்றான்.

நேற்று அம்மா போன் செய்தாள். "அவ மனசு எப்பதான் எறங்கும்? புருஷன் இப்பிடி இருக்கானே" என்றாள்.

"நீ வல்லத்துக்குப் போயி அவகிட்ட மன்னிப்புக் கேளும்மா. மொதல்ல அதச் செய்."

"மாமியாக்காரி போயி மருமவகிட்டயா? இன்னாடி பேசற நீ?"

போனை வைத்துவிட்டேன். வாசலுக்கு வந்தேன். மாடியில் அண்ணன் சட்டை இல்லாமல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். எதிர் வீட்டில் யாரோ நின்று பார்த்தார்கள். அவர்கள் உள்ளே போகும்வரை நானும் கீழே நின்று அவர்களையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.